பொட்டு வைத்த குஞ்சு சேவல்

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை சைக்கிளில் ஒருவர் வருவார். கேரியரில் மூங்கில் கூடை, அதன் மேல் வலை, உள்ளே ரோஸும் பச்சையும் ஊதாவுமாகக் கீச்சிடும் கோழிக்குஞ்சுகள். காசு வேண்டியதில்லை. ஓட்டைப் பிளாஸ்டிக் குடம் ஒன்றைப் போட்டால் இரண்டு குஞ்சு. எட்டு வயதில் அப்படித்தான் ஒரு ரோஸ் குஞ்சை வாங்கினேன்.

"இது முட்டை போடுமாண்ணே?"

"வளத்துப் பாரு தம்பி. தினம் ஒண்ணு போடும்."

கலர் குஞ்சுகளில் பாதி ஒரு வாரம் தாண்டாது. பூனை, குளிர், கழிச்சல் என்று ஏதாவது ஒன்று கொண்டுபோய்விடும். என்னுடையது பிழைத்தது. தண்ணீர்த் தட்டில் விழுந்து எழுந்ததில் சாயம் போய், அடியிலிருந்து வெள்ளை இறகு முளைத்தது. முட்டைக்காக வைக்கோல் போட்ட கூடை ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். நான்காம் மாதம் ஒரு விடியற்காலையில் அது மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறிக் கரகரத்த தொண்டையில் கூவியது.

எதிர்வீட்டுக் குஞ்சும் சேவல். கோடிவீட்டில் பிழைத்த மூன்றும் சேவல். ஒரு தெருவில் பிழைத்த அத்தனையும் சேவலாகப் போவது தற்செயல் இல்லை என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. அந்தக் குஞ்சுகள் பிறந்த அன்றே, எங்கோ ஒரு குஞ்சு பொரிப்பகத்தில், யாரோ அவற்றைக் கையிலெடுத்துப் பார்த்துப் பெட்டைகளை ஒரு பெட்டியிலும் சேவல்களை இன்னொரு பெட்டியிலும் போட்டிருக்கிறார்கள். முட்டைக்கோழி இனத்தில் சேவலால் பண்ணைக்காரருக்குப் பயனில்லை. முட்டை இடாது, பிராய்லர் போலக் கறியும் வைக்காது. அதற்குப் போடும் தீவனம் வீண். அந்த இரண்டாவது பெட்டிதான் சாயம் பூசிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்திருந்தது.

ஆனால் ஒரு நாள் வயதுக் குஞ்சைப் பார்த்து எப்படிச் சொல்வது? கொண்டை இல்லை, தாடி இல்லை, வாலில் வளைந்த இறகு இல்லை. நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் ஆறு, ஏழு வாரம் பொறுத்திருப்பார்கள். கொண்டை சிவந்து எழுகிறதா, கால் தடிக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

என் அப்பத்தாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அடை வைக்கும்போதே முட்டையைத் தேர்ந்தெடுப்பார். கூர்முனை முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை. அரிஸ்டாட்டிலும் இதே விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார், ஆனால் நேர் எதிராக: நீண்டு கூர்ந்தது பெட்டை, உருண்டது சேவல். இருவரில் யார் பக்கம் நிற்பது என்றால், எவர் பக்கமும் இல்லை. மஞ்சள் கரு சினைப்பையை விட்டு உதிரும் முன்பே அதிலிருந்து பிறக்கப்போவது சேவலா பெட்டையா என்பது முடிந்த கதை. அதன்பின் ஏறக்குறைய 25 மணி நேரம் அது முட்டைக்குழாயில் பயணப்படுகிறது. அந்தப் பயணத்தில்தான் வெள்ளைக் கரு சேர்கிறது, சவ்வு போர்த்துகிறது, ஓடு படிகிறது, கூர்மையோ உருண்டையோ வடிவம் அமைகிறது. பெட்டியைச் செய்தவருக்கு உள்ளே என்ன சேலை என்று தெரியாது.

முடிந்த கதை எங்கே எழுதியிருக்கிறது என்றால், குரோமோசோமில். கோழிக்கு 39 சோடிக் குரோமோசோம்கள். அவற்றில் ஒரு சோடி பாலினத்தைத் தீர்மானிப்பது. மனிதரில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ் ஒரு ஒய். அதனால் பிறப்பது ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணு எதைக் கொண்டுவருகிறது என்பதைப் பொறுத்தது. பறவைகளில் இது தலைகீழ். சேவலுக்கு ஒரே மாதிரி இரண்டு, அவற்றை இசட் என்கிறார்கள். பெட்டைக்கு ஒரு இசட்டும், டபிள்யூ என்ற சின்னஞ்சிறு குரோமோசோமும். ஆக, முடிவு தாயின் கையில். பெண் குழந்தை பிறந்ததென்று மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார்களின் வாதம் கோழிக் கூண்டுக்குள் மட்டும்தான் எடுபடும்.

இந்த இசட்டை ஒரு நகை என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் அம்மாவின் நகை மகளுக்குப் போகும். கோழி வீட்டில் அது மகனுக்கு. அம்மாவிடம் இருப்பது ஒரே நகை. அதைப் பெற்ற குஞ்சு மகன். மகளுக்கு அம்மா கொடுப்பது டபிள்யூ எனும் காலி நகைப்பெட்டிதான். அப்பாவிடம் இரண்டு நகை உண்டு. மகன், மகள் என்று பாராமல் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார். ஆகவே மகனிடம் அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. மகளிடம் இருப்பது அப்பா கொடுத்தது மட்டும்.

இப்போது அந்த நகையில் ஒரு கல் பதித்திருக்கிறது, அதுதான் இறகின் நிறத்தை முடிவுசெய்கிறது என்றால் என்ன ஆகும்? மகளின் நிறம் அப்பாவின் கல்லைப் பொறுத்தது. மகனிடம் இரண்டு கல். அம்மாவின் கல் பகட்டானதாகவும் அப்பாவின் கல் மங்கலானதாகவும் இருந்தால், மகனிடம் அம்மாவுடையதுதான் பளிச்சென்று தெரியும். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். இங்கே மகன் தாயைப் போல, மகள் தந்தையைப் போல. குஞ்சு பொரித்த அன்றே நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

நிபந்தனை ஒன்றுதான். பகட்டான கல் தாயிடம் இருக்க வேண்டும், மங்கலானது தந்தையிடம். மரபியல்காரர்கள் இவற்றை ஓங்குபண்பு, ஒடுங்குபண்பு என்பார்கள். இதை மாற்றி வைத்தால், அதாவது ஓங்குபண்புள்ள தூய சேவலைப் பெட்டையோடு சேர்த்தால், எல்லாக் குஞ்சும் அப்பா மாதிரியே பிறக்கும். ஒன்றும் பிரிக்க முடியாது. "அதே ரெண்டு ஜாதிதானே, எதுல சேவல் எடுத்தா என்ன?" என்று கேட்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கையில் எடுத்துப் பார்க்க மிகச் சுலபமானது கறுப்புக் கலப்பு. தந்தை ரோட் ஐலண்ட் ரெட் சேவல், செங்கபில நிறம். தாய் பார்ட் பிளிமத் ராக் பெட்டை, உடம்பு முழுக்கக் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக வரியோடியது. அந்த வரியைப் போடும் மரபணு இசட்டில் இருக்கிறது, ஓங்குபண்பு. குஞ்சுகள் எல்லாமே கறுப்பாகத்தான் பொரிக்கும். ஒன்றைக் கைக்குள் வைத்து, உச்சந்தலை விளக்கு வெளிச்சத்தில் படும்படி திருப்ப வேண்டும். மகனுக்கு உச்சியில், சற்றுப் பின்தள்ளி, வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ ஒரு பொட்டு. மகளின் தலை மை போலக் கறுப்பு. பொட்டு வைத்திருந்தால் பையன்! நம் கண் பழகிய வழக்கத்துக்கு இது முரண்தான். ஆனால் ஒருமுறை மனதில் பதிந்தால் மறக்காது.

புதியவர்கள் தவறுவது தலையில் இல்லை, வயிற்றில். பெட்டைக்குஞ்சுக்கும் அடிவயிற்றிலும் தாடைக்குக் கீழும் இறக்கை நுனியிலும் வெள்ளை இருக்கும். அதைக் கண்டு சேவல் என்று ஒதுக்கிவிடுவார்கள். வயிற்றுக்கு இங்கே மதிப்பில்லை, உச்சந்தலைதான் சாட்சி. பொட்டும் எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்காது. சிலதுக்குப் பட்டாணி அளவு, சிலதுக்கு நான்கைந்து தூவிகள் வெளுத்தாற்போல. ஈரம் காயாத குஞ்சில் சின்னப் பொட்டு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். உலர்ந்து பஞ்சாக விரிந்தபின் பார்ப்பது நல்லது. சில வாரம் கழித்து இறகு முளைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பொட்டு வைத்தவனுக்குத் தாயின் பட்டை வரிகள் வரும். மகள் கறுப்பாகவே வளர்ந்து, கழுத்தில் மட்டும் அப்பாவின் செம்மையைக் கொஞ்சம் காட்டும்.

வணிகப் பண்ணைகளில் பழுப்பு முட்டைக்காக வளர்க்கும் ஐசா பிரவுன், லோமன் பிரவுன், ஹை-லைன் பிரவுன் போன்றவை வேறொரு மரபணுவை நம்பியவை. அதற்கு வெள்ளி, தங்கம் என்று இரண்டு வடிவங்கள். வெள்ளி ஓங்குபண்பு: இறகில் சிவப்பு நிறமி சேராமல் தடுத்துவிடும். தங்க நிறச் சேவல், வெள்ளி நிறப் பெட்டை. மகன்கள் வெளிர்மஞ்சள், மகள்கள் செம்பழுப்பு. பெட்டியைத் திறந்த உடனே இரண்டு சாதம் கலந்து வைத்தாற்போல் தெரியும். முழுக்க அப்படிச் சுத்தமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். முதுகில் செம்பழுப்புக் கோடு ஓடும் ஆண்குஞ்சுகள் உண்டு, வெளிர்கோடு ஓடும் பெண்குஞ்சுகளும் உண்டு. அப்போது கோட்டைப் பார்க்காமல் கோட்டுக்கு அடியில் இருக்கும் தரையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தரை வெளிர் என்றால் ஆண்.

இந்த வெள்ளி-தங்க மரபணுவின் பெயர் எஸ்எல்சி45ஏ2. கோழியோடு அது நிற்கவில்லை. மனிதத் தோலின் நிற வேறுபாட்டிலும் அதற்குப் பங்குண்டு. அதில் நேர்ந்த ஒரே ஒரு எழுத்து மாற்றம்தான் வங்கப் புலியின் காவி நிறத்தை அழித்து வெள்ளைப்புலியாக்கியது என்று 2013-இல் கண்டார்கள். வண்டலூரில் நாம் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கும் வெள்ளைப்புலியும், பண்ணையில் வேண்டாம் என்று ஒதுக்கப்படும் வெளிர்க் குஞ்சும் ஒருவகையில் பங்காளிகள். புலியில் அந்த மரபணு பாலினக் குரோமோசோமில் இல்லை, அதனால் ஆண் பெண் இரண்டும் வெள்ளையாகப் பிறக்கின்றன. பறவையில் அது இசட்டில் வந்து உட்கார்ந்திருப்பது பண்ணைக்காரரின் அதிர்ஷ்டம்.

பாலினத்தோடு பிணைந்த மரபுக்கடத்தல் என்றவுடன் நம் பாடப்புத்தகம் மார்கனின் வெள்ளைக்கண் பழ ஈயைத்தான் காட்டும். அது 1910. அதற்கு முன்பே, 1906-இல், டான்காஸ்டரும் ரெய்னரும் இங்கிலாந்தில் ஒரு விட்டில்பூச்சியின் இறக்கை நிறத்தில் இதைப் பார்த்துவிட்டார்கள். 1908-இல் அமெரிக்காவின் ஸ்பில்மன், பிளிமத் ராக் கோழியின் வரிகளுக்கும் பாலினத்துக்கும் முடிச்சு இருப்பதாக எழுதினார். பெயர் என்னவோ ஈக்குப் போய்விட்டது. கோழிக்கு எப்போதும் இதுதான் கதி.

இந்தக் கண்டுபிடிப்பைச் சோறாக மாற்ற முனைந்தவர் ரெஜினால்ட் புன்னெட். பள்ளியில் கட்டம் போட்டு மரபியல் கணக்குப் போட்டோமே, அந்தப் புன்னெட் கட்டத்தின் புன்னெட்தான். முதல் உலகப் போரில் பிரிட்டனில் தானியத் தட்டுப்பாடு. முட்டை இடாத சேவல்களுக்கும் பல வாரம் தீனி போட வேண்டியிருந்தது. நிறம் பிரியும்படி கலப்புச் செய்தால் முதல் நாளே சேவலைக் கழித்துத் தீனியை மிச்சப்படுத்தலாம் என்று அவர் யோசனை சொன்னார்.

அதில் ஒரு குறை இருந்தது, இன்றும் இருக்கிறது. வித்தை ஒரு தலைமுறைக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் தோட்டத்தில் இருபது பழுப்புப் பெட்டைகளை வளர்த்தார். நன்றாக முட்டையிடுகின்றன என்று அதே கலப்பில் பிறந்த வெள்ளைச் சேவல் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார். குஞ்சுகள் வெளிர், பழுப்பு என்று இரு நிறத்திலும் பொரித்தன. பழுப்பையெல்லாம் வைத்துக்கொண்டு வெளிரையெல்லாம் கொடுத்துவிட்டார். மூன்று மாதத்தில் அவர் தோட்டத்தில் பழுப்புச் சேவல்கள் சண்டை போட்டன. அவர் கொடுத்துவிட்டவற்றில் பாதி, வாங்கிப் போனவர் வீட்டில் முட்டையிட்டன. நகைக் கணக்கைத் திரும்பப் போட்டால் காரணம் தெரியும். அந்தச் சேவலிடம் இருந்தது ஒரு வெள்ளிக் கல், ஒரு தங்கக் கல். பெட்டையிடம் தங்கக் கல் மட்டும். மகனோ மகளோ, வெள்ளி கிடைப்பதும் தங்கம் கிடைப்பதும் பூவா தலையா கணக்கு. நிறம் இருக்கிறது, செய்தி இல்லை. விற்பவர்களுக்கு இது வசதியும்கூட. ஒவ்வொரு முறையும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.

புன்னெட்டும் மைக்கேல் பீஸும் கேம்பிரிட்ஜில் இதற்கு ஒரு மாற்று தேடினார்கள். பட்டை வரி மரபணு ஒன்று இருந்தால் நிறம் கொஞ்சம் வெளுக்கும், இரண்டு இருந்தால் அதிகம் வெளுக்கும். தூய இனத்தில் சேவலுக்கு இரண்டு நகை, பெட்டைக்கு ஒன்று. அப்படியானால் கலப்பே இல்லாமல், தலைமுறை தலைமுறையாக, ஆண்குஞ்சு வெளிறியும் பெண்குஞ்சு அடர்த்தியாகவும் பிறக்க வேண்டுமே? கறுப்புக் குஞ்சில் இந்த வேறுபாடு சரியாகப் பிடிபடாது. பிளிமத் ராக்கில் ஆணின் பொட்டு பெரிதாகக் கலைந்தும், பெண்ணின் பொட்டு சிறிதாகவும் இருக்கும், அவ்வளவுதான். பழுப்புத் தூவியுள்ள இனத்துக்கு அந்த மரபணுவைக் கொண்டுபோனால் எடுப்பாகத் தெரிந்தது. கேம்பைன் கோழியோடு பிளிமத் ராக்கைக் கலந்து 1929-இல் கேம்பார் என்ற இனத்தை உருவாக்கினார்கள். அதன் தம்பியான லெக்பார் இன்றும் பிரபலம். பெண்குஞ்சின் முதுகில் அணில் மாதிரி தீர்க்கமான கோடுகள், ஆண்குஞ்சுக்கு அது சாயம்போன துணி போல மங்கிக் கிடக்கும். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் இதுதான். ஓங்குவது ஒடுங்குவது என்ற விளையாட்டை விட்டுவிட்டு, ஒன்றா இரண்டா என்று எண்ணுவதிலேயே காரியத்தை முடித்துவிட்டார்கள்.

வெள்ளை முட்டையிடும் லெகார்ன் வகைகளில் அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லாம் வெள்ளை. குஞ்சுகள் எல்லாம் மஞ்சள். அங்கே நிறம் கைவிட்டுவிடும், இறக்கை கைகொடுக்கும். இறகு மெதுவாக முளைக்கச் செய்யும் மரபணு ஒன்றும் அதே இசட்டில்தான் இருக்கிறது, அதுவும் ஓங்குபண்பு. மெதுவாக முளைக்கும் தாய், வேகமாக முளைக்கும் தந்தை. பொரித்த முதல் ஓரிரு நாளுக்குள் குஞ்சின் இறக்கையை விசிறி போல விரித்தால் இரண்டு வரிசை தெரியும். கீழ்வரிசையில் பின்னால் பறக்கும் இறகாகப் போகிற குருத்துகள், மேல்வரிசையில் அவற்றை மூடும் குருத்துகள். கீழ்வரிசை மேல்வரிசையைத் தாண்டி நீண்டிருந்தால், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மாறி மாறித் தெரிந்தால், பெட்டை. எல்லாம் ஒரே நீளமாகவோ மேல்வரிசை நீண்டோ இருந்தால் சேவல். நாள் தள்ளிப்போனால் சேவலின் இறகும் வளர்ந்து எட்டிப்பிடித்துவிடும். நாட்டுக்கோழிக் குஞ்சின் இறக்கையை விரித்து இதைச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். பெற்றோரை இதற்கென்றே தேர்ந்து சேர்க்காத குஞ்சில் அது பூ ஜோசியம்தான்.

இந்த மெது-இறகு மரபணுவின் பக்கத்தில் ஒரு பழைய வைரஸின் மரபணுத் துண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதைச் சுமக்கும் தாயின் குஞ்சுகளுக்குக் கோழி வெண்புற்று எளிதில் தொற்றும் என்று தெரியவந்தபோது, இனவிருத்தியாளர்கள் வைரஸ் இல்லாத தாய்களைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

நிறமும் இல்லை, இறகும் இல்லை என்றால் இருப்பது ஜப்பானியர் வழி. 1920-களில் கியோஷி மசுயியும் உடன் உழைத்தவர்களும் கண்டது: குஞ்சின் எச்சத்துளையை மெல்லப் பிதுக்கினால் உள்ளே ஆணுக்குக் குண்டூசித் தலையளவில் ஒரு முனைப்பு இருக்கும். கேட்கச் சுலபம். ஆனால் பெட்டைகள் பலவற்றுக்கும் அங்கே ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும். தேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு பார்ப்பார்கள், நூற்றுக்கு இரண்டு தவறினால் அதிகம். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பலராலும் சொல்ல முடியாது, கைக்குத் தெரியும் என்பார்கள். 1987-இல் பீடர்மன், ஷிஃப்ரார் என்ற இருவர், எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு பக்கக் குறிப்பாகச் சுருக்கி, கோழியே தொட்டறியாதவர்களிடம் கொடுத்தார்கள். படங்களைப் பார்த்துச் சரியாகச் சொல்லும் திறன் 60 சதவீதத்திலிருந்து 84-க்கு ஏறியது. படத்தில் சரிதான். உயிருள்ள குஞ்சை மூன்று விநாடியில் காயப்படுத்தாமல் பார்க்கும் கைக்குக் குறிப்பெழுத யாராலும் முடியவில்லை.

பிரிப்பது எவ்வளவு சுலபமாகிறதோ அவ்வளவு சுலபமாகிறது கழிப்பதும். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 700 கோடி ஆண்குஞ்சுகள் பிறந்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை போட்டது. பொரித்த குஞ்சைக் கொல்லக் கூடாது என்றால், பொரிக்கும் முன்பே முட்டைக்குள் பார்த்தாக வேண்டும். அங்கே வந்த கருவிகளில் ஒன்று அடைகாத்த 13-ஆம் நாள் முட்டையில் பலமான ஒளியைப் பாய்ச்சி, ஓட்டின் வழியாக உள்ளே முளைத்துவரும் தூவியின் நிறத்தைப் படிக்கிறது. செம்பழுப்பு என்றால் மகள், வெளிர் என்றால் மகன். போர்க்காலத்தில் புன்னெட் சொன்ன அதே கணக்கு, எட்டு நாள் முன்கூட்டி. வெள்ளைக் கோழியின் முட்டையில் அந்த ஒளிக்குப் படிக்க ஒன்றும் இல்லை. அங்கே ஓட்டில் நுண்துளையிட்டு ஒரு சொட்டுத் திரவம் எடுத்துச் சோதிப்பது போன்ற வேறு வழிகளைத்தான் தேட வேண்டும்.

போன மாதம் வத்தலக்குண்டு சந்தையில் கலர் குஞ்சு விற்கும் ஒருவரைப் பார்த்தேன். கூடைக்குப் பதில் அட்டைப்பெட்டி, சைக்கிளுக்குப் பதில் மொபெட். ஒரு பச்சைக் குஞ்சை எடுத்து இறக்கையை விரித்தேன். சாயத்தில் ஒட்டியிருந்த குருத்துகளை ஊதிப் பிரித்ததில் இரண்டு வரிசையும் ஒரே நீளம். பக்கத்தில் ஒரு சிறுமி ஊதா நிறத்தில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது முட்டை போடுமா மாமா?" என்று அவரிடம் கேட்டாள்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பச்சையைப் பெட்டியில் விட்டேன்.

"வளத்துப் பாரு பாப்பா" என்றார்.